மாலுமி தூங்கினால் படகை ஓட்டுவது யார்?
தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றுபவர் தூங்கும்போது சுக்கானை யார் பிடிப்பது? ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அந்த வேலையைக் காற்றிடமே கொடுத்தார். மும்பையில் தேக்கு மரத்தில் கட்டிய அவரது 32 அடிப் படகு ‘சுஹைலி’. அதற்கெனத் தானே வடிவமைத்த கருவிக்கு ‘அட்மிரல்’ என்று செல்லப்பெயர். படகு திசை மாறினால் காற்று ஒரு தகட்டைத் தள்ளும். தகடு துணைச் சுக்கானைத் திருப்பும். படகு பழைய திசைக்கே வந்துவிடும்.

1968 ஜூனில் இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து புறப்பட்டார். ஆஸ்திரேலியாவைத் தொட்ட பகுதியில் அட்மிரல் உடைந்துபோனது. பசிபிக்கும் அட்லான்டிக்கும் இன்னும் பாக்கி! அவர் திரும்பவில்லை. பாய்களைக் கூட்டிக் குறைத்து, படகு தானாகவே திசை பிடிக்கும்படி சமன்செய்தார். 312 நாள்களுக்குப் பின், 1969 ஏப்ரல் 22-ல் கரை சேர்ந்தார். எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர்தான். கருவி கைவிட்டது, படகைப் பற்றிய அறிவு கைவிடவில்லை.