எரிச்ச துணிக்குக் காசு கொடுத்தது யார்?

எங்க வீட்டில் புடவை கிழிஞ்சா பாவாடை, பாவாடை நைஞ்சா தலையணை உறை, அதுவும் போனா கரித்துணி. அப்படிப் பழகின எனக்கு, லண்டன் பர்பெரி கம்பெனி செய்ததைப் படிச்சதும் வயிறு எரிஞ்சது.

2017-18 கணக்கு வருஷத்தில் மட்டும் 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை அழிச்சிருக்காங்க. துணிமணி, சென்ட் எல்லாம் புதுசு! அன்றைய மதிப்பில் சுமார் 250 கோடி ரூபாய். ஏன்? தள்ளுபடியில் விற்றால் பெயரின் மவுசு குறைஞ்சிடுமாம். எதிர்ப்பு கிளம்பினதும், இனி எரிக்க மாட்டோம்னு 2018 செப்டம்பரில் அறிவிச்சாங்க.

குடும்பம் நடத்துற நமக்கு இந்தக் கணக்கு புரியாதா? எரிச்ச கோட்டுக்கும் நூல், சாயம், தையல் கூலி எல்லாம் கொடுத்தாச்சு. அந்த நஷ்டம் விற்ற கோட்டின் விலையில்தானே ஏறும்? அளவாகத் தைச்சு, மிஞ்சினதைத் தானமாகக் கொடுத்தால் சுற்றுச்சூழலுக்கும் நல்லது, கல்லாவுக்கும் நல்லது.

இப்போ சட்டமே வந்தாச்சு. பிரான்சில் 2022 முதல் விற்காத துணியை அழிக்கத் தடை. பெரிய கம்பெனிகளுக்கு 2026 ஜூலை 19 முதல் தடைன்னு ஐரோப்பிய யூனியன் 2024-ல் சட்டம் போட்டது. இது கோட்டு விற்கிறவங்களுக்கு மட்டுமில்லை, சாதாரண டி-ஷர்ட் விற்கிறவங்களுக்கும்தான்.

அந்த டி-ஷர்ட்டைத் தைக்கிற ஊர்களில் எங்க திருப்பூரும் ஒண்ணு. என் நாத்தனார் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். விஷயத்தைச் சொன்னேன். "நல்லதுதான் அண்ணி. ஆனா ஆர்டர் குறைஞ்சா எங்க ஓவர்டைம் போயிடுமே? சீட்டுப் பணம் எதுல கட்டறது?"ன்னா. எனக்குப் பதில் வரலை.

2011-ல் நொய்யலைக் காப்பாத்த ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நியாயம்தான். ஆனா அப்போ வேலையில்லாம எத்தனை குடும்பம் தவிச்சதுன்னு பார்த்தவங்க நாங்க.

அதனால் என் கட்சி இதுதான்: குறைவாகத் தைக்கட்டும், ஆனால் எரிக்காம மிச்சம் பிடிக்கிற காசில் ஒரு பங்கை உருப்படிக்கான விலையில் கூட்டிக் கொடுக்கட்டும். அது தைக்கிறவள் கூலி வரைக்கும் வந்து சேரணும். இல்லேன்னா பூமியைக் காப்பாத்துற செலவு, மாசச் சம்பளத்துக்கு முழிக்கிற பொம்பளை தலையில்தான் விடியும்.

நீங்க என்ன சொல்றீங்க தோழிகளே?

— ஒரு வாசகி, திருப்பூர்.