மூஞ்சி ஓகே... பின்னந்தலை எங்கே? களிமண் வகுப்பு எழுப்பும் கேள்விகள்

"தம்பி, மூஞ்சி சூப்பர். பின்னந்தலை எங்கே?"

ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னையில் ஒரு மொட்டைமாடி வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ரெண்டு கிலோ களிமண், ஒரு மரப்பலகை. "ஒரு மனுஷத் தலை செய்யுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்த பயிற்சியாளர், முக்கால் மணி நேரம் கழித்து வந்து என்னிடம் கேட்ட கேள்விதான் அது. என் களிமண் தலையில் கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் தோசை மாதிரி தட்டை. சுற்றிப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் தோசைதான் சுட்டிருந்தார்கள். அந்த வகையில் ஒரு ஆறுதல்!

இதில் ஆச்சர்யப்பட ஒன்றும் இல்லை. நாம் பார்க்கும் முகங்களில் பாதி செல்போன் திரையில்தான் வருகின்றன. செல்ஃபி, ரீல்ஸ், வீடியோ கால் எல்லாமே முன்பக்கம் மட்டும். சிற்ப வகுப்பின் முதல் பாடமே, 'எதுவா இருந்தாலும் சுத்தி வந்து பாரு' என்பதுதான்.

மண் சொல்லும் பாடம்

சிற்பம் என்றதும் உளி, சுத்தியல், பறக்கும் கல்துகள் என்று நினைத்துக்கொள்கிறோம். அறிமுக வகுப்புகள் பெரும்பாலும் களிமண்ணில்தான் தொடங்கும். காரணம் ரொம்ப சிம்பிள். கல்லில் ஒரு தடவை போனது போனதுதான். மூக்கு உடைந்தால் ஒட்ட முடியாது. களிமண்ணில் சேர்க்கலாம், எடுக்கலாம், பிடிக்கவில்லை என்றால் மொத்தமாகப் பிசைந்து மறுபடி ஆரம்பிக்கலாம்.

ஆனாலும் மண்ணுக்குச் சில கண்டிஷன்கள் உண்டு. முதலில் சப்பாத்தி மாவு மாதிரி நன்றாகப் பிசைந்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். காதை ஒட்டும்போது சும்மா அழுத்தினால் போதாது. இரண்டு பக்கமும் கீறிவிட்டு, தண்ணீரில் கரைத்த களிமண் குழம்பைப் பசை மாதிரி தடவி ஒட்ட வேண்டும். இல்லையென்றால் காய்ந்ததும் காது தனியாக வந்துவிடும். சூளையில் சுடுவதாக இருந்தால், தலையின் உட்பகுதியைக் குடைந்து எடுத்து, சுவர் ஒரே கனத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஈரம் மிச்சம் இருந்தால் சூட்டில் அது ஆவியாகிச் சிலையையே வெடிக்க வைத்துவிடும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தாலும் விரிசல்தான். எல்லாவற்றையும் ஃபாஸ்ட் ஃபார்வர்டு செய்யும் நமக்கு, இதுதான் ரொம்பக் கஷ்டமான பாடம்.

டிக்கெட் வாங்காத வகுப்பறைகள்

வகுப்புக்குப் போக வசதி இல்லையா? பரவாயில்லை. மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை முன்னால் எத்தனை தடவை போட்டோ எடுத்திருப்போம்? அடுத்த முறை அதை ஒரு சுற்று சுற்றிவந்து பாருங்கள். பாறையை நகர்த்தும் நான்கு பேரின் முதுகும் காலும் ஒவ்வொரு கோணத்தில் ஒவ்வொரு விதமாகத் திமிறும். 1959-ல் நிறுவப்பட்ட அந்தச் சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை கவின் கலைக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர்.

மாமல்லபுரத்துக்குப் போனால், முடிந்த சிற்பங்களைவிட முடியாதவற்றைப் பாருங்கள். பிடாரி ரதம், வலையன்குட்டை ரதம் இரண்டிலும் மேல்பகுதி வடிவம் பெற்றிருக்க, கீழ்ப்பகுதி வெறும் பாறையாகவே நிற்கும். மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்பது பார்த்ததுமே புரிந்துவிடும். 1,300 ஆண்டுகளுக்கு முன் பாதியில் நின்ற அந்த வேலை, யூடியூப் டுட்டோரியல் மாதிரி ஸ்டெப் பை ஸ்டெப்பாக இன்றும் நமக்குப் பாடம் எடுக்கிறது.

சுவாமிமலையில் இன்னொரு விஷயம் உண்டு. செய்யப்போகும் சிலையின் உயரத்துக்குத் தென்னங்கீற்று ஒன்றை நறுக்கி, அதைக் கணக்காக மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு என்று அளவு பிரித்துக்கொள்கிறார்கள் ஸ்தபதிகள். 'ஒடியோலை' என்று பெயர். சிலை ஒரு சாணா, ஆறடியா என்பது முக்கியமில்லை, விகிதம் மாறாது. ஆர்ட் கிளாஸில் 'ப்ரொபோர்ஷன்' என்று சொல்லித்தரும் அதே பாடம்தான், ஒரு ஓலையில்!

ஞாயிறு முடிந்தது... திங்கள்?

இப்போது களிமண்ணுக்கு நல்ல மவுசு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் தடை விதித்து வழிகாட்டுதல் வெளியிட்டது. விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் 'நீங்களே பிள்ளையார் செய்யுங்க' அறிவிப்புகளையும் நிறையப் பார்க்கலாம். ஐ.டி வேலையின் அழுத்தம் குறைய மண்ணைப் பிசைய வருகிறவர்களும் உண்டு. நல்லதுதான். ஆனால், அந்த வகுப்பில் ஒரு 19 வயசுப் பெண்ணுக்கு, 'எனக்கு இதுதான் வேலையா வேணும்' என்று தோன்றினால், திங்கட்கிழமை அவள் எங்கே போவாள்?

இந்தக் கேள்வி, சமீப வருஷங்களில் நடந்த ஒரு பெரிய விவாதத்தோடு தொடர்புடையது. 2023 செப்டம்பரில் மத்திய அரசு 'பி.எம். விஸ்வகர்மா' திட்டத்தைத் தொடங்கியது. 18 கைத்தொழில்களில் சிற்பமும் ஒன்று. குறைந்தபட்ச வயது 18. பயிற்சிக் காலத்தில் ஒரு நாளைக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய், பிணையில்லாத கடன் என்று பல சலுகைகள். 'குடும்பம் வழிவழியாகச் செய்யும் தொழில் என்ற நிபந்தனை குலத்தொழிலுக்குத் திருப்பி அனுப்புவதாகும். படிக்க வேண்டிய 18 வயதில் எதற்கு இது?' என்று கேட்டது தமிழ்நாடு அரசு. இப்போதைய வடிவில் இதைச் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் அறிவித்தது. 2025-ல் குடும்ப நிபந்தனை இல்லாத 'கலைஞர் கைவினைத் திட்டம்' வந்தது. 3 லட்சம் ரூபாய் வரை கடன், 50,000 ரூபாய் வரை மானியம். குறைந்தபட்ச வயது 35.

இரண்டு பக்க வாதங்களையும் கேட்டாச்சு. நம்ம 19 வயசுப் பெண் இதில் எங்கே நிற்கிறாள்? ஒன்று, ஏற்கெனவே கையில் உளி பிடித்திருப்பவர்களுக்கு. இன்னொன்றுக்கு அவள் 16 வருஷம் காத்திருக்க வேண்டும். புதுசாக ஆசைப்பட்டு வருகிறவருக்கு இரண்டிலுமே இடமில்லை. இரண்டும் தொழிலில் இருப்பவர்களுக்கான உதவி. தொழிலுக்குள் வருவதற்கான கதவு இல்லை.

அந்தக் கதவு இருப்பது கல்லூரிகளில். 1850-ல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, கும்பகோணத்தில் ஒன்று, மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. அப்பாவிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருந்த வித்தையை மாமல்லபுரத்தில் ஒரு பாடத்திட்டமாக ஆக்கியதுதான் பெரிய மாற்றம். கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தவர். இந்தப் பட்டத்தை பிளஸ் டூ முடித்த எத்தனை பேர் ஒரு ஆப்ஷனாகவாவது யோசிக்கிறோம்? பள்ளியில் கலை என்றால் ஓவிய பீரியட். அதையும் பரீட்சை வந்தால் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார். களிமண்ணைத் தொடாமலே பள்ளியை முடித்தவருக்கு, தனக்குச் சிற்பம் வருமா வராதா என்று எப்படித் தெரியும்?

மெஷின் வந்தாச்சே?

"கல்லைத்தான் இப்ப சி.என்.சி மெஷினே செதுக்குதே, 3டி பிரின்டர் இருக்கே?" நியாயமான கேள்விதான். மெஷினுக்கும் யாராவது ஒருவர் முப்பரிமாணத்தில் வடிவம் செய்து கொடுக்க வேண்டும். கேம், அனிமேஷன், சினிமா மேக்கப், பொம்மை டிசைன் எல்லாவற்றிலும் டிஜிட்டல் சிற்பிகளுக்கு வேலை இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளிலேயே சிற்பம் செய்யும் வசதி உண்டு. அதில் ஒரு பிரஷ்ஷின் பெயரே 'கிளே'தான்! பின்னந்தலை எப்படி வளையும் என்று விரலுக்குத் தெரிந்தவர், அதைத் திரையிலும் சரியாகச் செய்வார்.

கையால் கல் செதுக்கும் வேலையை ரொமான்டிசைஸ் செய்யவும் வேண்டாம். கிரைண்டர் வைத்துக் கருங்கல் அறுக்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வருஷக்கணக்கில் சுவாசித்தால் வரும் சிலிகோசிஸ் நோயில் நுரையீரல் கெட்டால், பழைய நிலைக்குத் திரும்பாது. தண்ணீர் தெளித்து அறுப்பதும், சரியான மாஸ்க் போடுவதும் முதல் நாளே சொல்லித்தர வேண்டிய பாடம். 'இளைஞர்கள் ஏன் வர்றதில்ல?' என்று கேட்பவர்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

என் தலை விஷயத்துக்கு வருவோம். பயிற்சியாளர் என் பலகையைத் திருப்பி வைத்தார். "கண்ணை மூடு. உன் பின்னந்தலையைத் தொட்டுப் பாரு. காதுக்குப் பின்னாடி ஒரு எலும்பு மேடு இருக்கா? அங்கேர்ந்து ஆரம்பி" என்றார். இருபத்தைந்து வருஷமாக என்னோடேயே இருக்கும் மேடு. அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தொட்டுப் பார்த்தேன்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் கை அங்கே போகும் என்று தெரியும். போகட்டும். அப்படியே அரைக் கிலோ களிமண்ணும் வாங்கிவிடுங்கள். முதல் தலை தோசையாகத்தான் வரும், கவலைப்படாதீர்கள்!