எல்லா நூறும் ஒரே நூறு இல்லை

கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருந்தால் பொறுமையாக முழுவதும் படியுங்கள்.

"சார், எந்த குரூப் எடுத்தால் மார்க் அள்ளலாம்?" ஓய்வு பெற்ற பிறகும் ஒவ்வொரு மே மாதமும் எனக்கு வரும் கேள்வி இது. பிள்ளைக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்ற பேச்சே வருவதில்லை. பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. எல்லாப் பாட மார்க்கையும் ஒரே கூடையில் கொட்டிக் கூட்டும் வரை அப்படித்தான் கேட்பார்கள். அந்தக் கூட்டல் நியாயமில்லை என்பதே என் வாதம்.

2024 பிளஸ் டூ முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். வணிகவியலில் 6,142 பேர் நூற்றுக்கு நூறு. தமிழில் 35 பேர். "வணிகவியல் பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள், அவ்வளவுதானே?" என்பீர்கள். சரி, இன்னொன்று பார்ப்போம். விலங்கியலில் 382 பேர் நூறு வாங்கினார்கள், தாவரவியலில் 90 பேர். இந்த இரண்டையும் எழுதுவது பெரும்பாலும் அதே தூய அறிவியல் பிரிவுப் பிள்ளைகள்தான். அதே பிள்ளை, அதே பள்ளி, அதே மார்ச் மாதம். அப்படியானால் மாறியது பிள்ளையின் மூளையா, வினாத்தாளும் திருத்தும் முறையுமா?

கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோனவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். காய்ந்த நெல் 40 கிலோ, ஈர நெல் 40 கிலோ. தராசு இரண்டுக்கும் ஒரே எடைதான் காட்டும். அதற்காக இரண்டும் ஒன்று என்று எந்த விவசாயியாவது சொல்வாரா? அதனால்தான் 17 சதவீதம் என்று ஈரப்பதம் பார்க்கிறார்கள். நெல்லுக்குக் காட்டும் இந்த நிதானத்தைப் பிள்ளையின் மார்க்குக்குக் காட்ட மறுக்கிறோம். அரசு கலைக் கல்லூரிகளில் பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்கு, மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. வரலாறு படித்து பி.ஏ. வரலாறு கேட்டு வரும் பிள்ளையும், வணிகவியல் படித்துவிட்டு அதே இடத்தைக் கேட்கும் பிள்ளையும் அங்கே வெறும் கூட்டுத்தொகைதான்.

"வெவ்வேறு மார்க்கை எப்படி ஒப்பிடுவது?" என்று கேட்க வேண்டாம். நம் அரசே ஒப்பிடுகிறது. நுழைவுத் தேர்வை நீக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறியியல் சேர்க்கையில் மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண்ணையும் மற்ற வாரியத்தின் முதல் மதிப்பெண்ணையும் சமமாக வைக்கிறார்கள். இங்கே முதல் மதிப்பெண் 100, அங்கே 90 என்றால், அங்கே 60 வாங்கியவருக்கு 66.66 ஆகிறது. வாரியம் மாறினால் மார்க்கின் மதிப்பு மாறும் என்று ஒப்புக்கொண்ட அரசு, பாடம் மாறும்போது மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது?

அந்த முறையும் அரைகுறைதான். ஒரே ஒரு முதல் மாணவரை நம்பி நிற்கிறது. இரண்டு பக்கமும் யாராவது ஒருவர் நூறு வாங்கிவிட்டால் சரிக்கட்டலே இல்லை.

இலங்கையில் 2001 முதல் உயர்தரத் தேர்வுக்கு இசட் மதிப்பெண் என்றொரு முறை இருக்கிறது. மார்க்கிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுப்பது. ஒரு பாடத்தின் சராசரி 80, விலக்கம் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 90 வாங்கியவருக்கு 1. இன்னொரு பாடத்தின் சராசரி 55, விலக்கம் 15. அதில் 85 வாங்கியவருக்கு 2. மார்க்கில் பின்னால் நின்றவர் உண்மையில் முன்னால் இருக்கிறார். என் வகுப்பில் புள்ளியியல் படித்தவர்கள் இதை நோட்டில் போட்டுப் பாருங்கள்.

இதை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்கிறேனா? இல்லை. அதே இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் "தரப்படுத்தல்" என்ற பெயரில் நடந்ததைத் தமிழர் யாரும் மறக்க முடியாது. மருத்துவத்துக்குத் தமிழ் மொழியில் எழுதியவருக்கு 250, சிங்களத்தில் எழுதியவருக்கு 229 என்று தனித்தனி வெட்டுப்புள்ளி. 1973இல் மொழிவாரியாகவே மார்க்கைச் சரிக்கட்டினார்கள். அரசியல் முடிவுக்குக் கணக்குச் சட்டை மாட்டிவிட்ட வேலை அது. பாடத்தின் கடினத்தைச் சரிசெய்வது அளவை. எழுதியவர் யார் என்று பார்த்துச் சரிசெய்வது அரசியல். பின்தங்கியவருக்குக் கை கொடுக்க வேண்டும், நான் அதன் பக்கம்தான். அதற்கு நம்மிடம் இடஒதுக்கீடு இருக்கிறது, சட்டம் போட்டு, வெளிப்படையாக. அதைச் சூத்திரத்துக்குள் ஒளித்து வைக்கக் கூடாது.

இசட் முறைக்கும் ஓட்டை உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டும் எடுக்கும் பாடத்தில் சராசரி ஏறும், அங்கே நல்ல பிள்ளையும் சாதாரணமாகத் தெரியும். 2011இல் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாகக் கலந்து கணக்கிட்டார்கள். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடச் சொன்னது. சூத்திரம் சாமி இல்லை. கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

ஆகவே நான் கேட்பது மூன்றுதான். ஒன்று, தேர்வு முடிவோடு ஒவ்வொரு பாடத்தின் சராசரியையும் விலக்கத்தையும் வெளியிடுங்கள். சென்டம் எண்ணிக்கையை மட்டும் பத்திரிகைக்குக் கொடுத்தால் போதாது. இரண்டு, எந்தப் பட்டத்துக்கு வருகிறாரோ அந்தப் பாடத்தின் மார்க்குக்குக் கூடுதல் எடை கொடுங்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கைப் பார்க்கிறோம், வரலாற்றுக்கு வரலாற்றைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? மூன்று, எந்தச் சரிக்கட்டலானாலும் பிள்ளை குரூப் எடுப்பதற்கு முன்பே அறிவியுங்கள். ஆட்டம் முடிந்தபின் விதி எழுதுவது கூடாது.

கல்வித் துறையிலும் கல்லூரிகளிலும் பொறுப்பில் இருக்கும் என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். லைக் போட்டு நகராதீர்கள். நான் சொன்னதில் எது நடக்கும், எது நடக்காது, ஏன் என்று கீழே எழுதுங்கள். பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அரசு மாறும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வருடம் குரூப் எடுக்கும்போது "எதில் மார்க் வரும்" என்பதற்கு முன்னால் "எது பிடிக்கும்" என்று பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள்.