சித்ரா பௌர்ணமியும் ஒரு சிறுமியின் கேள்வியும்

தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி என்றாலே நகரத்தார் தண்டாயுதபாணி ஆலயத் திருவிழாதான் நினைவுக்கு வரும். நகரத்தில் இருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கூடுவார்கள். அதே நிலவு நாளையொட்டி, தமிழ்நாட்டின் கூவாகத்தில் உள்ள கூத்தாண்டவர் ஆலயத்தில் திருநங்கைகள் கூடுகின்றனர். அரவானைக் கணவனாக ஏற்றுப் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்ளும் அவர்கள், மறுநாள் அவன் பலியானதும் தாலியறுத்து அழுகின்றனர்.

அந்தக் கூவாகத்திற்கு ஒரு சிறுமியை அழைத்துச் சென்ற படம், சந்தோஷ் சிவன் இயக்கிய ‘நவரசா’ (2005). சிறந்த தமிழ்ப் படத்திற்கான இந்தியத் தேசிய விருதைப் பெற்றது. பருவமடையும் வயதில் நிற்கும் 13 வயது சுவேதா, தன் குடும்பத்தில் ஒருவரான கௌதம் இரவில் பெண்ணாக அலங்கரித்துக் கொள்வதைக் காண்கிறாள். தன் மனம் பெண்ணின் மனம் என்றும், கூவாகம் போகப் போவதாகவும் அவர் சொல்கிறார். அவர் கிளம்பியதும், திரும்ப அழைத்து வர அவளும் புறப்படுகிறாள்.

‘திருத்தி’ அழைத்து வரவேண்டும் என்றுதான் அவள் போகிறாள். வழியிலும் விழாவிலும் திருநங்கைகளை நேரில் பார்க்கிறாள். அவர்கள் பேசுவதைக் கேட்கிறாள். அவளுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய பெரியவர்கள் யாரும் உடன் இல்லை.

பேராக் தோட்டப்புறங்களிலும் இந்த நிலைதான். பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் அழைப்பிதழ் அச்சடித்து, மண்டபம் எடுத்து, மஞ்சள் நீராட்டு நடத்துகிறார்கள். ஆண் பிள்ளை ஒருவன் அக்காவின் பொட்டை எடுத்து வைத்துக்கொண்டால் வீடே மௌனமாகிவிடுகிறது. இல்லையென்றால் அடி விழுகிறது. முன்னதைக் கொண்டாடும் வீட்டில் பின்னதைப் பற்றிப் பேசச் சொற்களே இல்லை.

வீடு பேசாவிட்டால் பள்ளி வளாகம் பேசும். ‘பொண்டான்’, ‘ஒன்பது’ என்ற பட்டப்பெயர்களே பிள்ளையின் காதில் விழும் முதல் விளக்கம். 2017 ஜூன் மாதம் பினாங்கில் 18 வயது தமிழ் இளைஞர் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டு மாண்டார். பள்ளி நாளிலேயே அவரது மென்மையான சுபாவத்தைச் சிலர் கேலி செய்து வந்ததாக அப்போது செய்திகள் வெளிவந்தன. அவர் தம்மை என்னவாக உணர்ந்தார் என்பது இங்கே கேள்வி அல்ல. கேலி செய்தவர்களுக்கு அந்த விவரம் தேவைப்படவே இல்லை.

சினிமாவும் இங்கே எளிதில் கைகொடுப்பதில்லை. 12 வயதுச் சிறுமியின் உடல் மாற்றத்தைச் சொன்ன மலேசியப் படம் ‘டைகர் ஸ்ட்ரைப்ஸ்’, 2023-இல் கான் விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் முதன்மைப் பரிசை வென்றது. உள்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது வெட்டப்பட்ட வடிவம். அதைத் தன் படமாக ஏற்க இயக்குநர் அமண்டா நெல் யூ மறுத்தார். பருவமடைதலைப் பேசவே இத்தனை தயக்கம் என்றால், பாலின அடையாளத்தைப் பேசுவது இன்னும் தொலைவில்தான் இருக்கிறது.

உலகம் இதில் நகர்ந்திருக்கிறது. பாலின அடையாள வேறுபாடு மனநோய் அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியது. தமிழ்நாடு 2008-இலேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது.

பெற்றோர் இதற்காக மருத்துவ நூல் படிக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு அவசரப்பட்டு எந்தப் பெயரும் சூட்ட வேண்டியதும் இல்லை. சில பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவே கடந்து போகலாம்; சிலருக்கு நிலைக்கலாம். எதுவானாலும் பிள்ளை கேட்கும்போது அடிக்காமல், சிரிக்காமல், காது கொடுத்தால் போதும். பட்டப்பெயர் காதில் விழும்போது ஆசிரியர் அதை அங்கேயே நிறுத்த வேண்டும்.

கூவாகத்திற்குப் போகிறவர்களில் பலர் ஒரு காலத்தில் வீட்டை விட்டு வெளியேறிய பிள்ளைகள். அடுத்த சித்ரா பௌர்ணமிக்குத் தெலுக் இந்தானில் தேர் பார்க்கக் குடும்பத்தோடு வரும் பிள்ளைகளிலும் இந்தக் கேள்வியைச் சுமந்து வருபவர் இருக்கலாம். அந்தப் பிள்ளை குடும்பத்தோடு வீடு திரும்பவேண்டும் என்பதுதான் முக்கியம்.