நலம், நலமறிய ஆவல்

நம் ஊர்க் கடிதத்தின் தலைப்பக்கம் ஞாபகம் இருக்கா? உச்சியில் பிள்ளையார் சுழி. முஸ்லிம் வீட்டுக் கடிதம் என்றால் 786, கிறிஸ்தவர் வீடு என்றால் சிலுவை, யாழ்ப்பாணத்துச் சைவர் வீடு என்றால் சிவமயம். கல்யாணச் செய்திக்கு மூலையில் மஞ்சள். சாவுச் செய்திக்குக் கறுப்பு மை. தபால்காரர் கையில் அதைப் பார்த்ததுமே வீடு அழத் தொடங்கிவிடும்.

அப்புறம்தான் விளிப்பு. பெரியவர்களுக்கு 'மதிப்பிற்குரிய', ஒத்த வயசுக்கு 'அன்புள்ள'. முகம் பார்க்காதவர்களையும் உறவு சொல்லி அழைக்கலாம். அண்ணா 'தம்பி' என்றார், கலைஞர் 'உடன்பிறப்பே' என்றார்.

அடுத்து 'நலம், நலமறிய ஆவல்'. இங்கிலீஷில் முதலில் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பார்கள். நாம் முதலில் நம் நலத்தைச் சொல்லிவிடுகிறோம். தூரத்துக் கடிதம் என்றாலே பயந்த வீடுகளுக்கு அதுதான் மூச்சு.

திண்டுக்கல்லில் இருக்கும் பேனா தோழிக்கு எழுத உட்கார்ந்த என் பொண்ணு கேட்டாள்: "எனக்கு உடம்பு சரியில்லேன்னா, நலம்னு எப்படிம்மா எழுதறது?" வெளிநாட்டில் காய்ச்சலோடு படுத்துக்கொண்டு எத்தனை பேர் 'நலம்' எழுதியிருப்போம்! பெற்றவர்களுக்கு அந்தப் பொய் சரி என்பேன். தோழிக்கு வேண்டாம். 'இங்கே குளிர், எனக்குச் சளி, நீ நலமா?' என்று எழுதினாள். நான் திருத்தவில்லை.

ஒன்று மட்டும் சேர்க்கச் சொன்னேன். வலது மூலையில் வெறுமே 'மாசி, 20.7.2025' என்று போட்டிருந்தாள். ஆடி மாசத்தில் ஏது மாசி என்று அந்தப் பிள்ளை குழம்பாதா? 'மாசி, ஆக்லாந்து' ஆயிற்று.

உங்கள் வீட்டுக் கடிதங்கள் எப்படித் தொடங்கின? எழுதி அனுப்புங்களேன்.