வேக வாசிப்புக்குப் பணம் கட்டலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் எடுத்துவிட்டால், முதல் மாதத்திலேயே ஒன்று புரிந்துவிடும். படிக்க வேண்டியவை தீரவே தீராது. மெயில், செய்தித் தளங்கள், பி.டி.எப். புத்தகங்கள், ஹெல்ப் பக்கங்கள் என்று திரையில் வந்துகொண்டே இருக்கும். இந்த நேரம் பார்த்து அந்த விளம்பரமும் கண்ணில் படும். நிமிடத்திற்கு ஆயிரம் சொற்கள் படிக்கலாம், சில வாரங்களில் கற்றுக் கொள்ளலாம், கட்டணம் இவ்வளவு. வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் கை தானாகப் பர்ஸைத் தேடும். தேட வேண்டாம் என்பது என் கருத்து.

இந்த வியாபாரம் பெர்சனல் கம்ப்யூட்டரை விட வயதில் மூத்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆசிரியையாக இருந்த ஈவ்லின் உட் 1959ல் தொடங்கிய 'ரீடிங் டைனமிக்ஸ்' வகுப்புகள்தான் இதைப் பிரபலமாக்கின. விரலைப் பக்கத்தின் மேல் ஓட்டிக் கொண்டே கண்ணை அதன் பின்னால் விரட்ட வேண்டும். மனதுக்குள் உச்சரிக்கக் கூடாது. படித்த வரிக்குத் திரும்பக் கூடாது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டர் கூட வெள்ளை மாளிகையிலேயே இந்தப் பயிற்சியை எடுத்துக் கொண்டார். அதே அமெரிக்காவில்தான் 1998ல், டி.வி. விளம்பரம் மூலம் வேக வாசிப்புப் பயிற்சி விற்றவர்கள் மீது, நிரூபிக்க முடியாத வாக்குறுதி தந்ததாக மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

இப்போதைய சாப்ட்வேர்களில் விரலுக்குப் பதில் ஓடும் வெளிச்சக் கோடு இருக்கிறது. 2014ல் வந்த 'ஸ்பிரிட்ஸ்' ஒரு படி மேலே போய் வரிகளையே எடுத்துவிட்டது. திரையில் ஒரே இடத்தில் ஒவ்வொரு சொல்லாக வந்து மறையும். கண்ணை நகர்த்தும் நேரம் மிச்சம் என்பது இதன் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் கண் எப்படிப் படிக்கிறது என்று பாருங்கள். கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், அதன் அகலம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு இடம்தான் ஒரு நேரத்தில் நமக்குத் துல்லியமாகத் தெரியும். கண் வழுக்கிக் கொண்டே போவதில்லை. ஓரிடத்தில் கால் விநாடி போல நின்று, தாவி, மறுபடி நிற்கிறது. சந்தேகம் இருந்தால் இந்த வரியில் ஒரு சொல்லின் மேல் பார்வையை நிறுத்திக் கொண்டு, நான்கு வரி கீழே உள்ளதைப் படிக்க முயன்று பாருங்கள். ஒரு பார்வையில் ஒரு பத்தியையே விழுங்கலாம் என்று சொல்பவர் கண்ணின் அமைப்பையே மாற்றித் தர வேண்டியிருக்கும்.

இத்துறையில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த கீத் ரேனரும் அவருடைய குழுவினரும் 2016ல் ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டார்கள். வேகம் கூடினால் புரிதல் குறைகிறது என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு. படிக்கும் நேரத்தில் கண் அசைவுக்குச் செலவாவது பத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லையாம். மீதி நேரம் சொல்லை அடையாளம் கண்டு அர்த்தம் சேர்க்கும் மூளை வேலைக்குப் போகிறது. படித்த வரிக்குத் திரும்புவதும் கெட்ட பழக்கம் அல்ல. புரியாத இடத்தைச் சரி செய்து கொள்ளத்தான் கண் திரும்புகிறது. படித்த சொற்களைத் திரையில் மறைத்துவிட்டுச் சோதித்தபோது புரிதல் குறைந்தது. ஸ்பிரிட்ஸ் போன்றவற்றில் திரும்பிப் பார்க்க வரியே இல்லையே!

சரி, வேகத்தைக் கூட்ட வழியே இல்லையா? இருக்கிறது. ஒரு தமிழ் நாளிதழை எவ்வளவு வேகமாகப் படிக்கிறீர்கள்? அதே அளவு ஆங்கில ஹெல்ப் பக்கத்திற்கு எவ்வளவு நேரம் ஆகிறது? தமிழ் மீடியத்தில் படித்த நம்மில் பலருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். கண் அதேதான், மூளையும் அதேதான். சொற்களின் பழக்கம்தான் வேறு. 'பார்ட்டிஷன்', 'டிரைவர்' போன்றவை பழகிவிட்டால் ஹெல்ப் பக்கம் தானாக வேகம் பிடிக்கும். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கும் இதேதான். அந்தப் பாடத்தில் நிறையப் படித்தவன் வேகமாகப் படிக்கிறான்.

விளம்பரத்தில் வரும் எண்களையும் அப்படியே நம்ப வேண்டாம். 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019ல் வெளியான கணக்கின்படி, கதை அல்லாத ஆங்கில எழுத்தைப் பெரியவர்கள் மௌனமாகப் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்திற்கு 238 சொற்கள். இதைத் தமிழுக்கு அப்படியே பொருத்த முடியாது. 'படித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் ஐந்து சொல்!

மேலோட்டமாகப் பார்க்கும் பழக்கம் பயனுள்ளதுதான், அதை நான் மறுக்கவில்லை. தலைப்பு, முதல் பத்தி, இடைத் தலைப்புகள் என்று மேய்ந்து, இந்தப் பக்கம் நமக்குத் தேவையா என்று தீர்மானிக்கலாம். ஆனால் திரையில் இதைத்தான் நாம் ஏற்கெனவே செய்கிறோம். ஜேக்கப் நீல்சன் 1997ல் சோதித்தபோதே, புதிய வெப் பக்கத்தை மேய்ந்து பார்த்தவர்கள் 79 சதவீதம், சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம்தான். தெரிந்த வித்தைக்கு எதற்குக் கட்டணம்?

புதிதாகக் கம்ப்யூட்டருக்கு வந்தவர்களுக்கு நஷ்டம் வருவது பெரும்பாலும் அவசரப் படிப்பால்தான். இலவச சாப்ட்வேர் ஒன்றை இன்ஸ்டால் செய்யும்போது 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று தட்டிக் கொண்டே போகிறோம். நடுவில் ஒரு சிறிய கட்டத்தில் டிக் போட்டு வைத்திருப்பார்கள். அதன் வழியாக வேறு இரண்டு புரோகிராம்கள் உள்ளே வந்து, பிரவுசரின் முகப்புப் பக்கத்தையே மாற்றிவிடும். வங்கியின் பெயரில் வரும் மோசடி மெயிலும் இப்படித்தான். ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலத் தெரியும். வேகமாகப் படிப்பவர் எதிர்பார்த்த பெயரையே பார்ப்பார். 'இன்றே உங்கள் கணக்கு முடக்கப்படும்' என்று அவசரப்படுத்துவதே அந்தச் சொல்லை நீங்கள் நிறுத்திப் படிக்கக் கூடாது என்பதற்காகத்தான். பணம் சம்பந்தப்பட்ட எதையும் எழுத்துக் கூட்டிப் படித்தாலும் தவறில்லை.

அப்படியும் ஒரு வேக வாசிப்பு சாப்ட்வேரைச் சோதித்துப் பார்க்க ஆசையா? இலவசமானதை மட்டும் எடுங்கள். அதற்கு முன் தெரியாத விஷயம் பற்றிய 500 சொல் கட்டுரை ஒன்றை வேர்டில் ஒட்டுங்கள். எத்தனை சொல் என்று கீழேயே காட்டும். கடிகாரம் வைத்துப் படித்து, பைலை மூடிவிட்டு, நினைவில் நின்ற ஐந்து விஷயங்களைத் தாளில் எழுதுங்கள். பயிற்சிக்குப் பின் வேறு கட்டுரையில் இதையே செய்து, இரண்டு தாள்களையும் ஒப்பிடுங்கள். விளம்பரங்கள் கடிகாரத்தை மட்டும்தான் காட்டும்.

நேரம் மிச்சப்படுத்த வேறு வழிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. கண்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தினால் நீண்ட பக்கத்தில் வேண்டிய சொல்லுக்கு நேராகப் போகலாம். எட்ஜ் பிரவுசரில் எப்9 அழுத்தினால் பல கட்டுரைப் பக்கங்களில் விளம்பரங்கள் நீங்கி எழுத்து மட்டும் வரும். எழுத்து சிறிதாக இருந்தால் கண்ட்ரோலுடன் பிளஸ் கீ. வகுப்புக்கு ஒதுக்கிய நேரம் கையில் இருந்தால், தினம் அரை மணி நேரம் தமிழ்99 கீ போர்டில் டைப் செய்து பழகுங்கள்.