வாட்டத்தைத் தண்டியாதீர்

நூறு மாணவர்க்குக் குறையாது பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற உளவள ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும், ஆசிரியர்க்கு ஆண்டில் இருமுறையேனும் மனநலப் பயிற்சி அளிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 சூலையில் நெறி வகுத்தது. அந்நெறி உயிர் பெறவேண்டிய இடம் வகுப்பறையே.

வளரிளம் பருவத்தாரின் மனச்சோர்வு எப்போதும் கண்ணீராக வெளிப்படுவதில்லை. பலரிடம் எரிச்சலாகவே வெளிப்படும். உறக்கம் கெடும், கவனம் சிதறும், வீட்டுப்பாடம் நின்றுபோகும், விடுப்பு பெருகும். இவற்றைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் கருதி, வகுப்பு நடுவே ஏசுவதும் மதிப்பெண்ணை உரக்கப் படித்து நாணச் செய்வதும் இன்றும் ஓயவில்லை. உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விலக்கியிருக்கிறது. நோயுற்ற பிள்ளையைக் குற்றவாளியாக்கும் கண்டிப்பு, கண்டிப்பு ஆகாது, கொடுமையே ஆகும்.

ஆசிரியர் மருத்துவர் அல்லர். நோயைத் தீர்மானித்தல் அவர் கடனன்று. ஆயினும், நேற்றுவரை முந்திக்கொண்டு விடை சொன்ன மாணவி இரு கிழமைகளாக வாய் திறவாதிருப்பதை அவரன்றி யார் காண்பார்? தனியே அழைத்து, கண்ட மாற்றத்தைக் கனிவுடன் சொல்லி, அறிவுரையை அடக்கிக்கொண்டு செவிமடுத்தல் முதற்கடமை. பெரிய பாடப்பணியைச் சிறு கூறுகளாக்கலாம், தவணை நீட்டலாம், எதிர்பாராது எழுப்பி வினவுவதைத் தவிர்க்கலாம். மருத்துவம் பெற்றுத் திரும்பும் மாணவரை வினாக்களால் துளைக்காமல், விடுபட்ட பாடத்தைத் தொடர உதவலாம்.

உயிரை மாய்க்கும் எண்ணம் புலப்படின், அதை யாரிடமும் சொல்வதில்லை என வாக்களித்தல் ஆகாது. அது பற்றி நேரடியாகக் கேட்பது அவ்வெண்ணத்தை விதைக்கும் என்னும் அச்சம் பிழையானது. மாணவரைத் தனியே விடாது, பெற்றோரையும் ஆலோசகரையும் உடனே அழைக்க வேண்டும். டெலி மனாஸ் என்னும் அரசு உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது.

இத்தனையும் ஆசிரியர் தலையில் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்குதல் முறையன்று. எமிஸ் என்னும் கல்வித் தரவுத்தளப் பதிவேற்றமும் தேர்தல் பணியும் அவர்தம் பொழுதை விழுங்குகின்றன. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் தலைமையாசிரியரிடம் விளக்கம் கோரும் கல்வித்துறை, ஆலோசகர் இல்லாத பள்ளிக்குத் தானே விளக்கம் தரக் கடமைப்பட்டது. பணியிடங்களை உருவாக்கி நிரப்புக. ஆசிரியர்க்குப் பயிற்சியோடு பொழுதும் தருக. மாணவர் நலம் காப்பதும் கல்விப்பணியே.